ஓடுகிற கணினியை ஏன் மாற்ற வேண்டும்? விண்டோஸ் 10-க்குப் பிந்தைய ஒரு கணக்கு

சிவகாசியில் எனக்குப் பழக்கமான ஓர் அச்சகத்தில் மூன்று கணினிகள் இருக்கின்றன. முன்மேசையில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டது, விண்டோஸ் 10-இல் ஓடுவது; வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பும் கோப்புகளை இறக்குவது, பென் டிரைவைச் செருகிப் பார்ப்பது, ஜிஎஸ்டி பில் போடுவது, வங்கிக் கணக்கைத் திறப்பது எல்லாம் அதில்தான் நடக்கும். உள்ளறையில் வடிவமைப்புக்கென்று இருப்பது எட்டாம் தலைமுறைச் செயலி கொண்டது. அதுவும் விண்டோஸ் 10. மூன்றாவது, மூலையில் தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் விண்டோஸ் 7 கணினி. பக்கங்களை வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0-உம், இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகக் கோப்புகளும் அதில் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் திருத்தங்கள் தந்துவந்த ஆதரவு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு முதலாளி என்னை அழைத்தார். "நேத்து ஓடுனது இன்னைக்கும் ஓடுது. ஓடுறத எதுக்குத் தம்பி மாத்தணும்?" என்பதுதான் அண்ணாச்சியின் கேள்வி.

அச்சகக்காரருக்கு இது இயல்பான கேள்வி. முப்பது ஆண்டு பழைய ஆஃப்செட் இயந்திரத்தை உருளை மாற்றி, எண்ணெய் விட்டு, இன்றும் அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இயந்திரம் தேய்ந்தால் சத்தம் மாறும். மை சீராகப் பரவாது. நிறம் நிறத்தோடு பொருந்தாமல் விலகும். அதாவது, கெட்டுப்போவதை அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும். விண்டோஸ் போன்ற இயங்குதளம் பழசாகும் விதம் வேறு. அது தேய்வதே இல்லை. பத்து ஆண்டுக்கு முன் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே இருக்கும். அதன் குறைகளைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கூடுதல் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. திருத்தம் வெளிவந்ததும் அதைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து எந்த இடம் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். விண்டோஸ் 10-உம் விண்டோஸ் 11-உம் உள்ளுக்குள் பெருமளவு ஒரே நிரல்களைப் பகிர்ந்துகொள்பவை என்பதால், விண்டோஸ் 11-க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும், அதே ஓட்டை அடைபடாமல் கிடக்கும் விண்டோஸ் 10 கணினிக்குள் நுழைய வழிசொல்லும் குறிப்பாகவும் ஆகிவிடக்கூடும். ஆதரவு முடிந்த மறுநாள் கணினி பாதுகாப்பற்றதாகிவிடுவதில்லை. ஆறு மாதம் கழித்து, ஓராண்டு கழித்து, மற்றவர்களுக்கு அடைக்கப்பட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றாக அதில் மட்டும் திறந்தே இருக்கும்.

"வைரஸ் தடுப்பு போட்டிருக்கோமே" என்பது அடுத்த பதில். அது வீணானதல்ல. விண்டோஸ் 10-இல் உடன்வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கான புதிய வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எட்ஜ் உலாவிக்கும் குறைந்தது அதுவரை புதுப்பிப்பு உண்டு. ஆனால் வைரஸ் தடுப்பு என்பது வாசலில் நின்று தெரிந்த முகங்களைத் தடுக்கும் காவலாளி. சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது அதன் வேலையல்ல. இயங்குதளத்தின் கருவுக்குள் இருக்கும் குறை வழியாக ஒருவர் உள்ளே வந்தால், அந்தக் காவலாளியையே நிறுத்திவிடும் அதிகாரம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

இதற்கு 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் எல்லோரும் சொல்லும் உதாரணம். பெரும்பாலும் அதைத் தவறாகவே சொல்கிறார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள்தாம் வீழ்ந்தன என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளிவந்திருந்தது. அதைப் பலரும் நிறுவவில்லை என்பதுதான் குறை. கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி என்ற பழைய நெறிமுறை வழியாக அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு, யாரும் எதையும் சொடுக்காமலே தாவியது. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும் அதில் சிக்கின. மறுநாள் மைக்ரோசாஃப்ட், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்கும் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. புதிய இயங்குதளத்தை வாங்கி வைத்துவிட்டுப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பவருக்கும், பழையதையே வைத்திருப்பவருக்கும் அந்த வாரத்தில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. "அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிரும்" என்று புதுப்பிப்பை நிறுத்தித் தரும் சில சர்வீஸ் ஆட்களை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இயங்குதளத்தின் வயதை அல்ல. இந்தக் கணினி எதைத் தொடுகிறது என்று கேட்க வேண்டும். இணையத்தைத் தொடுகிறதா, முன்பின் அறியாதவர்களின் கோப்புகளைத் தொடுகிறதா, பணத்தைத் தொடுகிறதா? மூன்றையும் தொடும் கணினி பழையதாக இருக்கக் கூடாது. ஒன்றையும் தொடாத கணினி, சில நிபந்தனைகளோடு பழையதாகவே இருக்கலாம்.

பழையதைக் காப்பாற்றி வைத்திருப்பது என்ற வழியை ஏளனம் செய்பவன் அல்ல நான். பெரிய நிறுவனங்களும் அதைச் செய்திருக்கின்றன. நம் நாட்டு ஏடிஎம் இயந்திரங்களில் பல, எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் எக்ஸ்பியிலேயே ஓடின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு கால அட்டவணை போட்டது. அந்த அட்டவணையின் வரிசை எனக்குப் பிடிக்கும். கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்குக் கடவுச்சொல் இடுவது, யுஎஸ்பி துளைகளை முடக்குவது, தானாக இயங்கும் வசதியை நிறுத்துவது போன்ற கட்டுக்காவல் வேலைகளை 2018 ஆகஸ்டுக்குள் முடிக்கச் சொன்னது. இயங்குதளத்தை மாற்றும் வேலையை அந்த ஆண்டு செப்டம்பரில் கால் பங்கு, டிசம்பரில் அரைப் பங்கு, 2019 மார்ச்சில் முக்கால் பங்கு, ஜூனில் முழுவதும் என்று பிரித்துக் கொடுத்தது. பழையதைப் பூட்டி வைப்பது மாற்றத்துக்கு அவகாசம் வாங்கித் தரும் ஏற்பாடாகவே அங்கே இருந்தது. மாற்றத்துக்குப் பதிலாக அல்ல. பூட்டுக்கும் ஒரு முடிவு நாள் குறிக்கப்பட்டிருந்தது. சிறு கடைகளில் முதல் பாதி நடக்கிறது. இரண்டாம் பாதிக்கு யாரும் நாள் குறிப்பதில்லை.

பூட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையும் முழுமையானதல்ல. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலைகளில் வான்னாகிரையின் ஒரு திரிபு புகுந்தது. புதிதாக வந்த ஓர் இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் உள்வலையமைப்பில் இணைத்ததுதான் காரணம். திருத்தப்படாத விண்டோஸ் 7 இயந்திரங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அந்தக் காலாண்டு வருவாயில் சுமார் 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. இணையத்திலிருந்து துண்டித்திருந்தாலும் ஏதோ ஒரு கம்பி, ஏதோ ஒரு பென் டிரைவ் எல்லையைக் கடந்துகொண்டேதான் இருக்கும் என்பதற்கு இதைவிடச் செலவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அச்சகத்தில் அந்த எல்லையைக் கடப்பது பெரும்பாலும் வாடிக்கையாளரின் பென் டிரைவ். உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் மறைந்து, அவற்றின் பெயரிலேயே ஷார்ட்கட்டுகள் மட்டும் நிற்க, ஒன்றைச் சொடுக்கியதும் கணினிக்கும் தொற்று வந்து சேரும் 'ஷார்ட்கட் வைரஸ்' பற்றி, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்த்த யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு திருத்தங்களை மட்டும் தொடர்ந்து பெறும் வழி ஒன்று இருக்கிறது. இஎஸ்யு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நீட்டிப்புத் திட்டம் அது. வீட்டுப் பயனருக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2026 அக்டோபர் 13. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதனோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளையோ 30 டாலரையோ கொடுக்கலாம். ஒரே உரிமத்தைப் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்; புதிய வசதியும் தொழில்நுட்ப உதவியும் கிடையா. வீட்டில் பிள்ளைகள் படிக்க வைத்திருக்கும் கணினிக்கு இது நல்ல ஏற்பாடு; யோசிக்காமல் சேர்ந்துவிடலாம். தொழிலுக்கான திட்டமோ வேறு. முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக் கட்டணத்தைச் சேர்த்தே செலுத்த வேண்டும். மூன்று ஆண்டுக்கும் மொத்தம் 427 டாலர், நம் பணத்தில் முப்பத்தையாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தத் தொகைக்குக் கைமாறி வரும் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றைத் தாராளமாக வாங்கிவிடலாம் என்பதால், ஓர் ஆண்டுக்கு மேல் இந்த வழியில் போவதற்கு நூறு கணினி வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் காரணம் இருக்கலாம், மூன்று கணினி வைத்திருப்பவருக்கு இல்லை.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14 அன்றுதான் ஆதரவு முடிந்தது. இயங்குதளத்துக்கு மட்டும் திருத்தம் வாங்கிவிட்டு, வருகிற ஒவ்வொரு வேர்டு கோப்பையும் ஆதரவற்ற ஆஃபிஸில் திறப்பது பாதிக் கதவைப் பூட்டுவது போலாகும்.

விண்டோஸ் 11-க்கு மாறுவது என்றால் பணம் தேவையில்லை. முறையான விண்டோஸ் 10 உரிமம் இருந்தால் மேம்படுத்தல் இலவசம். தடையாக நிற்பது வன்பொருள்தான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதற்கொண்ட செயலி ஆகியவை வேண்டும். 4 ஜிபி ராம் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவைத் திறந்து வைத்துக்கொண்டு உலாவியையும் பயன்படுத்துபவர் 8 ஜிபிக்குக் குறைந்து நினைக்க வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கே இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றாமல் மேம்படுத்துவதில் பயனில்லை.

உள்ளறைக் கணினியில் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டியபோது, இந்தக் கணினி தகுதியற்றது என்று சிவப்பில் காட்டியது. அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. புதியது வாங்கச் சொல்வதற்காகவே நான் அதை ஓட்டியதாக அவர் நினைத்திருக்கக்கூடும். எட்டாம் தலைமுறைச் செயலி தகுதியற்றுப் போகாது என்பதால் பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். செயலிக்குள்ளேயே இருக்கும் டிபிஎம், பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வட்டும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. கோப்புகளை முதலில் வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸோடு வரும் கருவியாலேயே வட்டை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றி, பூட் முறையை செக்யூர் பூட்டுக்கு வேண்டிய யுஇஎஃப்ஐ ஆக்கி, பிடிடியை இயக்கியதும் அதே செயலி பச்சையில் தகுதியுண்டு என்றது. ஒரு மாலை வேலை. தகுதியற்றது என்று எழுதப்பட்ட கணினிகளில் எத்தனை இப்படி ஓர் அமைப்பை மாற்றாததாலேயே ஒதுக்கப்பட்டிருக்கும் என்று அன்று தோன்றியது. மேம்படுத்திய பிறகு பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதியும் இருந்தது, தேவைப்படவில்லை.

முன்மேசைக் கணினியின் கதை வேறு. ஆறாம் தலைமுறை. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றியோ, அதற்கென்றே இருக்கும் சிறு கருவிகளைப் பயன்படுத்தியோ இத்தகைய கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம்; கடைகளில் பரவலாகச் செய்தும் தருகிறார்கள். செய்யக்கூடாத குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. மாதத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தாலும், ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைப் பொதுவாக நாமே மறுபடி அதே குறுக்குவழியில் ஏற்ற வேண்டியிருக்கும். ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஒவ்வொரு ஆண்டுப் பதிப்பும் 24 மாதங்களுக்குத்தான் திருத்தம் பெறும். ஏற்றித் தந்தவர் அதோடு போய்விட்டால், இரண்டாண்டு கழித்து அந்தக் கணினி விண்டோஸ் 11 என்ற பெயரோடு, விண்டோஸ் 10 இருந்த அதே நிலையில் இருக்கும். திரையில் புதிய தோற்றம் இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. மிகப் பழைய கோர் 2 டுயோ வகையறாக்களில், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதற்கொண்டு தேவைப்படும் சில செயலிக் கட்டளைகள் இல்லாததால், குறுக்குவழியும் பலிக்காது. தன் கணினியைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது சரி. வங்கிக் கணக்கைத் திறக்கும் கடை மேசைக்கு நான் இதைச் செய்து தருவதில்லை.

அடுத்து, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ். தமிழ்நாட்டில் இது அந்நியமான பெயரல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம். இன்று லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, விண்டோஸிலிருந்து வருபவர் அரை நாளில் பழகிக்கொள்ளும்படி இருக்கிறது. 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. முன்மேசைக் கணினியில் அப்படித்தான் ஒரு நாள் ஓட்டினோம். வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல், பிடிஎஃப் எல்லாம் சரியாக நடந்தன. மாலையில் பில் அச்சிடப் போனபோது மேசையிலிருந்த பழைய லேசர் பிரிண்டர் அசையவில்லை. பக்கத்தை வடிவமைக்கும் வேலையைக் கணினியிலேயே செய்யவைக்கும் மலிவான வகை அது. அதற்கான லினக்ஸ் இயக்கி பழையதாகி நின்றுபோயிருந்தது. பில் போடும் மென்பொருளும் விண்டோஸுக்கானது. லினக்ஸைப் பற்றிய முடிவை எடுக்கும்போது இயங்குதளத்தைவிடப் பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கணக்கு மென்பொருள் ஆகிய நான்கும்தான் பேச வேண்டியவை. நான்கும் சம்மதித்தால் அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

இங்கே சம்மதிக்கவில்லை. ஆகவே முன்மேசைக்குக் கைமாறி வந்த எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்று வாங்கப்பட்டது. நிறுவனங்கள் கழித்துவிடும் இத்தகைய கணினிகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து மதுரை வரை கிடைக்கின்றன. வாங்கும்போது டிபிஎம் இயங்குகிறதா, விண்டோஸ் உரிமம் உண்மையானதா என்ற இரண்டையும் கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும். திருட்டு உரிமத்தை எழுப்புவதற்கென்று இணையத்தில் கிடைக்கும் கருவிகளே பல நேரங்களில் வைரஸைச் சுமந்து வருகின்றன என்பதால், அங்கே மிச்சம் பிடிப்பது மற்ற எல்லாவற்றையும் வீணாக்கிவிடும்.

பழைய ஆறாம் தலைமுறைக் கணினியை எடைக்குப் போடவில்லை. அதில் மின்டை நிறுவி, வலையமைப்பில் சேர்க்காமல், கடை வாசல் பக்கம் வைத்தோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் முதலில் அதில்தான் செருகப்படுகிறது. ஷார்ட்கட் வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அது வெறும் கோப்பு. விண்டோஸில் மறைந்துபோகும் கோப்புறைகள் இதில் வெளிப்படையாகத் தெரிகின்றன. அச்சுக்கு வேண்டிய பிடிஎஃப், படம், கோரல் கோப்பு ஆகியவற்றை மட்டும் கடைக்குச் சொந்தமான வேறொரு பென் டிரைவில் எடுத்து உள்ளே கொண்டுபோகிறார்கள். கடைப் பையன் அதற்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

எஞ்சியது துணி போர்த்திய விண்டோஸ் 7. மூன்றிலும் கடினமானது இதுதான். இதன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. நிறுவனங்களுக்கான கட்டண நீட்டிப்பும் 2023 ஜனவரியோடு தீர்ந்தது. குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு இதைக் கைவிட்டுவிட்டது. இணையத்துக்கு இது தகுதியானதல்ல என்பதில் விவாதமே இல்லை. ஆனால் வேலைக்குத் தேவைப்படுகிறது. காரணம் கணினியல்ல, எழுத்துரு. எல்லா மொழி எழுத்துகளுக்குமான இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடை பேஜ்மேக்கர் அறியாது. கோப்புகள் முழுவதும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் இப்போதைய பதிப்பு பேஜ்மேக்கர் கோப்பை நேராகத் திறக்காது. சிஎஸ்6 வரையிலான பழைய பதிப்புகளோடு அந்த வசதி நின்றுவிட்டது.

உரையை மட்டும் எடுத்து யூனிகோடுக்கு மாற்றலாமே என்றால், மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிழை திருத்துவதுதான் இலவசமில்லை. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு நடக்கும்: கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பின்னால். இந்த இடமாற்றத்தைக் கருவி செய்துவிடும். ஔகாரத்தில்தான் தடுமாறும். பழைய முறையில் ஔகாரத்தின் பின்குறிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசையைத்தான் தட்டியிருப்பார்கள். எனவே 'கௌரி'யில் வருவது எது, 'வெளி'யில் வருவது எது என்று கருவிக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் 'சௌபாக்கியவதி' என்ற சொல் 'செ', 'ள' என்று இரண்டு எழுத்தாக உடைந்து வந்தால் அச்சில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் கிடைக்காது, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் விகாரமாகத் தெரியும். இருபது ஆண்டுக் கோப்புகளையும் இப்படி வரி வரியாகப் பார்க்க ஆள் வைத்தால் கணினி விலையெல்லாம் சிறு காசு. பலரும் மேம்படுத்தலின் செலவை வன்பொருளில் கணக்கிடுகிறார்கள். உண்மையான செலவு, இந்த அச்சகத்தைப் போன்ற இடங்களில், கோப்புகளுக்குள் இருக்கிறது.

இதற்கு மெய்நிகர் கணினி, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினி, ஓர் இடைவழி. உள்ளறையின் விண்டோஸ் 11 கணினியில் அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் விண்டோஸ் 7-ஐ வைத்து, அதன் வலையமைப்பு இணைப்பை அணைத்துவிட்டால் பேஜ்மேக்கர் அங்கே ஓடும். உள்ளே ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்கு ஒரு நிமிடத்தில் திருப்பிவிடலாம். இருபது ஆண்டுப் பெட்டி ஒருநாள் எரிந்துபோகும் என்ற கவலையும் தீரும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமத்தை மெய்நிகர் கணினிக்கு மாற்றிக்கொள்ள முடியாது என்பதால் தனி உரிமம் வேண்டும். இணைத்திருக்கும் கருவி பழைய சீரியல் போர்ட்டில் ஓடுவதாக இருந்தால் இந்த வழியில் தொல்லைகள் முளைக்கும். அச்சகத்தில் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் ஒன்று அப்படித்தான் இருக்கிறது.

எனவே விண்டோஸ் 7 பெட்டி இப்போதைக்கு நிற்கிறது. லேன் கேபிளைக் கழற்றினோம். வைஃபை அட்டையை மதர்போர்டிலிருந்தே எடுத்துவிட்டோம், ஏனென்றால் அணைத்து வைத்ததை யாராவது ஒருநாள் அவசரத்துக்கு இயக்கிவிடுவார்கள். பழைய எஸ்எம்பி நெறிமுறையையும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் நிறுத்தினோம். அன்றாட வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத கணக்கு. முன்பக்க யுஎஸ்பி துளைகளின் இணைப்பு உள்ளே பிடுங்கப்பட்டது. பின்பக்கத் துளை ஒன்றுதான், அதில் கடையின் பென் டிரைவ் மட்டும். எல்லாக் கோப்புகளும் இரண்டு வெளி வட்டுகளில் வாரம் மாற்றி வாரம் நகலெடுக்கப்படுகின்றன. ஒன்று எப்போதும் அண்ணாச்சியின் வீட்டில் இருக்கும்.

நாள் குறிப்பதில்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. எல்லாக் கோப்புகளையும் மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, மறுபடி அச்சுக்கு வருகிற கோப்பை மட்டும் அந்தந்த நேரத்தில் யூனிகோடுக்கு மாற்றுவது என்றும், ஓராண்டில் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவற்றைப் பிடிஎஃப் ஆக மட்டும் எடுத்து வைப்பது என்றும் முடிவானது. பில் புத்தகக் கோப்புகள் எளிதில் முடிந்தன. கோயில் கொடை நோட்டீஸ்களில் நன்கொடையாளர் பெயர்கள்தாம் இன்னும் பாக்கி. ஆண்டுதோறும் அதே பட்டியல், அதே ஊர், ஒரு பெயர் பிழையானாலும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதை மட்டும் அண்ணாச்சியே உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறார். பெட்டியின் மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் 2026 அக்டோபர் என்று நான் எழுதினேன். அவர் அதை அடித்து, பக்கத்தில் 'தை' என்று எழுதி வைத்திருக்கிறார். பிளாட்டருக்கு அதற்குள் வேறு வழி பார்த்துத் தர வேண்டியது என் பொறுப்பு.